சமரசம் ஆன பிறகுதான் எனக்கு நல்ல வக்கீல் தேவைப்பட்டார்

என் கணவரும் அவர் தம்பியும் பங்குதாரர்களாகச் சேர்ந்து ஓர் அச்சகம் நடத்தி வந்தார்கள். கணவர் இறந்த பிறகு அவர் பங்குக்குக் கணக்கு கேட்டேன். வரவில்லை. வழக்குப் போட்டேன். நீதிபதி அதைச் சமரச மையத்துக்கு அனுப்பினார், அங்கே 14 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டோம். வழக்குப் போடுவது எப்படி, சமரசத்துக்குச் சம்மதிக்கலாமா என்றெல்லாம் யோசனை சொல்ல எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். கையெழுத்துப் போட்ட சமரசத்தை எதிர்த்தரப்பு மதிக்காவிட்டால் யாரிடம் போவது, எந்த மாதிரி வக்கீலைப் பிடிப்பது, அவரிடம் என்ன கேட்பது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒப்பந்தம் நான்கு பக்கம். கையெழுத்து அன்று 2 லட்சம். மீதி 12 லட்சத்தை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் வீதம் ஆறு தவணையாகத் தர வேண்டும். அச்சகத்தில் எனக்கு இனி உரிமை கிடையாது. அதோடு, அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்த ஒரு காலி மனையில் கொழுந்தனார் தன் பாதியை எனக்கு எழுதித் தர வேண்டும். படித்துப் பார்த்தபோது எல்லாமே நியாயமாக இருந்தது. அதில் இல்லாதவைதான் பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தின. ஒரு தவணை தவறினால் மீதிப் பணம் முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரி இல்லை. தாமதத்துக்கு வட்டி என்ற பேச்சே இல்லை. மனையை எந்தத் தேதிக்குள் எழுதித் தருவது, பத்திரச் செலவு யாருடையது என்பதும் இல்லை.

முதல் இரண்டு தவணை ஒழுங்காக வந்தது. மூன்றாவது வரவில்லை. போன் செய்தால், "அண்ணி, தொழில் ரொம்ப டல்லா இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுத்தேன். நான்காவது தவணைத் தேதி நெருங்கும்போது போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அத்தையிடம் சொன்னேன். "வாங்கினது போதாதா? புருஷன் போன பிறகு அவன் தம்பியையும் தெருவுக்குக் கொண்டு வரணுமா?" என்று கேட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அழுகையைவிட அதிகமாக வந்தது அவமானம். நமக்குச் சேர வேண்டியதைக் கேட்பதற்கே பிச்சை கேட்கிற மாதிரி உட்கார வைக்கிறார்களே என்ற அவமானம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மனநிலையில் போய் வக்கீல் பிடித்தால், யார் ஆறுதலாகப் பேசுகிறாரோ அவரே நல்ல வக்கீல் என்று தோன்றும்.

முதலில் என் பழைய வக்கீலிடமே போனேன். வழக்கை நடத்தி, சமரசம் பேசி முடித்துக் கொடுத்தவர். நல்ல மனிதர், பேச்சுவார்த்தையில் கெட்டிக்காரர். ஆனால், "என் வேலை சமரசத்தோடு முடிஞ்சதும்மா, நிறைவேற்று மனு எல்லாம் நான் அதிகம் பண்றதில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அப்போது கோபம் வந்தது. இப்போது அவர் மேல் மரியாதைதான் இருக்கிறது. வழக்கு நடத்துவது ஒரு வேலை, கிடைத்த தீர்ப்பைப் பணமாக்குவது வேறு வேலை. கோர்ட் பேச்சில் ஈ.பி. என்று சொல்லும் நிறைவேற்று மனுவை வாராவாரம் நடத்துகிறவர்கள் தனி. நோட்டீசுக்கும் ஜப்திக்கும் போகிற கோர்ட் ஊழியரான அமீனா எப்போது போவார், அதற்கான பேட்டா கட்டணத்தை எப்போது கட்ட வேண்டும், எந்த மனு எந்த செக்ஷனில் தூங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஆகவே எந்த வக்கீலிடம் போனாலும், "நீங்கள் ஈ.பி. நடத்தியிருக்கிறீர்களா, பணமோ சொத்தோ கைக்கு வரும்வரை கொண்டுபோன வழக்கு எதுவும் உண்டா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது வக்கீலை உறவினர் ஒருவர் காட்டினார். காகிதத்தைப் பார்க்காமலே, போனிலேயே, "ஒப்பந்தத்தை மீறிட்டாரா? புதுசா ஒரு கேஸ் போட்டு வட்டியோட வாங்கிடலாம்" என்றார். ஃபீஸ் பற்றிக் கேட்டதற்கு, "இப்ப 25 ஆயிரம் குடுங்க, வர்ற பணத்துல 20 சதவீதம் எனக்கு" என்றார். கையில் பணம் குறைவாக இருக்கிறவருக்கு இது வசதியாகத் தெரியும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வருகிற தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளே தடை செய்கின்றன. ஒரு வக்கீல் முதல் சந்திப்பிலேயே இதைப் பேசினால், சட்டத்தைப் பற்றி அவர் சொல்லும் மற்றதையும் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. அவர் போட்ட புது வழக்கு நம்பர் ஆகவே இல்லை. இது எப்படி ஏற்கத்தக்கது என்று கேட்டு நீதிமன்ற அலுவலகம் திருப்பி அனுப்பியது. அவர் எதையோ எழுதி மறுபடி தாக்கல் செய்தார், மறுபடி திரும்பி வந்தது. கோடை விடுமுறைக்கு முன்னால் கொடுத்த காகிதம் விடுமுறை முடிந்த பிறகும் இப்படியே போய் வந்து கொண்டிருந்தது.

காரணம் ரொம்ப எளிது. என் சமரசம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் பதிவாகி, அதன்படி தீர்ப்பு ஆகியிருந்தது. தீர்ப்பை நிறைவேற்றுவது பற்றி அந்த வழக்கின் தரப்பினருக்குள் எழும் கேள்விகளை, நிறைவேற்றும் நீதிமன்றமே தீர்க்க வேண்டும், தனி வழக்குப் போட முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்ள 25,000 ரூபாயும் ஏறக்குறைய இரண்டு மாதமும் போயின. வழக்குக் காகிதக் கட்டைத் திருப்பிக் கேட்டபோது, பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் தருவேன் என்றார். வக்கீலுக்கு ஃபீஸ் பாக்கி இருந்தாலும் அதற்காகக் கட்சிக்காரரின் கோப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கியை அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம், கட்டைத் தர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். அந்த வாரமே குமாஸ்தா கட்டைக் கொண்டு வந்து கொடுத்தார்.

மூன்றாவதாக அமைந்தவர் ஒரு பெண் வக்கீல். நான் கதையைத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தி, "டிகிரி நகல் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். டிகிரி என்பது நீதிமன்றம் தரும் தீர்ப்பாணை. என்னிடம் இருந்தது சமரச மையத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ் மட்டும். அவர் விளக்கியதை இங்கே அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது எந்தக் காகிதம் என்பதை வைத்துத்தான் உங்கள் வழி முடிவாகும். நீதிமன்றம் அனுப்பிய சமரசப் பேச்சில் கையெழுத்தான ஒப்பந்தம், நீதிபதி முன் வைக்கப்பட்டு, அவர் பதிவு செய்து, அதன்படி தீர்ப்பாணை வழங்கினால்தான் நிறைவேற்றத்தக்கதாகிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்திருந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அந்தத் தீர்வாணையே சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், நேராக ஈ.பி. போடலாம். செக் மோசடி வழக்கில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்கே போகாமல், பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கொண்டதாக இருந்தால், அது வெறும் ஒப்பந்தம்தான். அதற்கு ஈ.பி. கிடையாது, வழக்குத்தான் போட வேண்டும், அதுவும் பொதுவாக மீறிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள். என் இரண்டாவது வக்கீல் சொன்ன வழி இந்தக் கடைசி வகைக்குப் பொருந்தியிருக்கும். என்னுடையது முதல் வகை.

இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அங்கேயே பார்த்தார். வழக்கு சமரசப்படி முடிந்தது என்று உத்தரவு இருந்தது, ஆனால் தீர்ப்பாணையை அலுவலகத்தில் யாரும் தயார் செய்திருக்கவில்லை. கேட்டால்தான் செய்வார்களாம். நகல் மனு போட்டு, தீர்ப்பாணை எழுதி வாங்கி, சான்றிட்ட நகல் கைக்கு வரவே வாரக்கணக்கில் ஆனது. சமரசம் ஆன அன்றே, ஒருவரையும் நம்பி விடாமல், சான்றிட்ட நகலுக்கு நீங்களே மனு போட்டு விடுங்கள். எதிர்த்தரப்பு ஒழுங்காகப் பணம் தந்துகொண்டிருந்தாலும் போடுங்கள்.

ஃபீஸை அவர் எழுதியே கொடுத்தார். ஈ.பி. தாக்கல், எதிர்மனு வந்தால் அதன் விசாரணை, ஜப்தி நடவடிக்கை என்று மூன்று கட்டமாகப் பிரித்து மொத்தம் 40,000. பேட்டா, நகல் கட்டணம், அமீனா போகிற வண்டிச் செலவு எல்லாம் தனி என்றும் அதில் இருந்தது. "எப்ப பணம் வரும் மேடம்?" என்று கேட்டேன். "ஆறு மாசத்துல முடிக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2021ல சொல்லியிருக்கு. நடக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். வாக்குக் கொடுக்காததுதான் எனக்குப் பிடித்தது. பணத்தை வங்கி மூலமாகவே கொடுத்தேன், ரசீது வாங்கினேன். பழைய வக்கீல் வக்காலத்தில் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தந்த பிறகோ, அது கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றோதான் புதியவர் வக்காலத்துப் போட முடியும். சண்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதற்கு முன்னால் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

ஈ.பி. நோட்டீஸ் போனதும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சமரசமே செல்லாது என்று கொழுந்தனார் மனு போட்டார். தன்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களாம், அச்சகக் கணக்கை நான் தவறாகக் காட்டி ஏமாற்றினேனாம். படித்தபோது கை நடுங்கியது. அந்தக் கணக்குப் புத்தகம் முழுக்க அவரிடம்தான் இருந்தது, நான் ஒரு பக்கம்கூடப் பார்த்ததில்லை. இத்தனை நாள் போனதெல்லாம் வீணாகி, மறுபடி முதலிலிருந்து வழக்கா என்று பயந்தேன். வக்கீல் பதறவில்லை. சமரசத் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. சமரசம் சட்டப்படி ஆனதல்ல என்று சொல்லித் தனி வழக்கும் போட முடியாது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலை மூடிவிட்டது. சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்தில் மனு போட்டு, மோசடியோ வற்புறுத்தலோ நடந்தது என்று நிரூபிப்பதுதான் மிச்சமுள்ள வழி. கொழுந்தனார் அதைத்தான் செய்திருந்தார், வழி சரி, சரக்குத்தான் இல்லை.

விசாரணையில் எங்களைக் காப்பாற்றியவை மூன்று. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. சமரசத்தைப் பதிவு செய்யும்போது நீதிபதி இருவரையும் கூப்பிட்டு, புரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டு, ஆம் என்றதைக் குறித்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, மிரட்டி வாங்கியதாகச் சொல்லும் ஒப்பந்தத்தின்படி அவரே இரண்டு தவணை வங்கி மூலம் அனுப்பியிருந்தார். சமரச மையத்துக்குள் யார் என்ன பேசினார்கள் என்பது ரகசியம், சமரசரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பதால் அவர் சொன்ன மிரட்டல் கதைக்கு வேறு ஆதாரமும் கிடைக்கவில்லை. மனு தள்ளுபடி ஆனது. ஆனால் அது தள்ளுபடியாகிற வரை ஈ.பி. நகரவே இல்லை. இழுத்தடிப்பதுதான் நோக்கம் என்றால் அந்த அளவில் அவர் ஜெயித்தார் என்றே சொல்வேன்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் என் கொழுந்தனார் இருந்த பக்கத்தில் இருக்கலாம், உண்மையாகவே ஏமாற்றப்பட்டிருக்கலாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைவாக வாங்கிவிட்டோம், அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்ற வருத்தம் ஒரு காரணமாகாது. உங்கள் சம்மதம் இல்லாமல் வக்கீல் மட்டும் ஒத்துக்கொண்டார், சொத்து விவரத்தை மறைத்தார்கள், கையெழுத்தே உங்களுடையதல்ல என்பது போல உறுதியாகக் காட்டக்கூடிய ஒன்று வேண்டும். வக்காலத்தில் சமரசம் செய்யும் அதிகாரமும் எழுதியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள், பெரும்பாலான அச்சடித்த வக்காலத்துகளில் இருக்கும், நாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்போம். மக்கள் நீதிமன்றத்தில் ஆனது என்றால் அதே நீதிமன்றத்தில் மனு என்ற வழியும் இல்லை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான், அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்கு. ஏமாற்றம் தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தின்படி பணம் வாங்கிக்கொண்டோ கொடுத்துக்கொண்டோ இருந்தால் உங்கள் வாதம் நாளுக்கு நாள் பலவீனமாகும். எந்த வக்கீலாவது உங்களிடம் தனி வழக்குப் போடலாம் என்றால், தனி வழக்கைத் தடுக்கும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் ஆணையின் 3ஏ விதி பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இனி பணம் வசூலான கதை. நீதிமன்றம் போய்ப் பணத்தைத் தேடித் தரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எதை ஜப்தி செய்ய வேண்டும் என்று நாம்தான் காட்ட வேண்டும். கொழுந்தனார் சொத்து எங்கே இருக்கிறது என்று வக்கீலுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், அல்லது என்னால் தெரிந்துகொள்ள முடியும். தவணை அனுப்பிய வங்கிக் கணக்கின் விவரம் என் பாஸ்புக்கிலேயே இருந்தது. அச்சகத்தின் பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தது. வண்டி நம்பர் தெரியும். இரண்டு மெஷினில் எது கடனில் வாங்கியது, எது பழையது என்று கணவர் இருந்தபோதே தெரியும். கடனுக்கு ஈடாக இருக்கிற மெஷினைத் தொட்டால் வங்கிதான் முதலில் வந்து நிற்கும் என்று வக்கீல் சொன்னதால் பழைய மெஷினை மட்டும் காட்டினோம். அது தொழிலாளியின் பிழைப்புக் கருவி, சட்டப்படி ஜப்தி செய்யக் கூடாது என்று எதிர்த்தார்கள். கைவினைஞரின் கருவிகளுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் விலக்கு உண்டு, உண்மைதான். ஆள் வைத்து அச்சகம் நடத்தும் முதலாளிக்கு அது பொருந்தாது என்று எங்கள் தரப்பில் சொன்னதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். மாதச் சம்பளக்காரர் மேல் ஈ.பி. போடுகிறவர்களும் விலக்குக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கடனுக்கு முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டுத்தான் பிடிக்க முடியும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது மெஷின் அல்ல. அச்சகம் ஒரு பள்ளிக்கு நோட்டுப் புத்தகமும் டைரியும் அடித்துக் கொடுத்திருந்தது, பில் தொகை 1,70,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. அங்கே வேலை செய்த ஒரு பழைய ஊழியர் மூலம் தெரிந்தது. அந்தப் பணத்தைக் கொழுந்தனாருக்குத் தராமல் நீதிமன்றத்தில் கட்டும்படி பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்ப வைத்தார் வக்கீல். கடன்பட்டவருக்கு வேறு யாராவது பணம் தர வேண்டியிருந்தால் அதை இடைமறிக்க இப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. வாடிக்கையாளருக்கு நீதிமன்ற நோட்டீஸ் போன பிறகுதான் கொழுந்தனார் போன் எடுக்க ஆரம்பித்தார். மெஷின் ஏலத்தைவிட அந்த ஒரு காகிதத்துக்குத்தான் அவர் பயந்தார். வியாபாரம் செய்கிறவர் மேல் ஈ.பி. போடுகிறீர்கள் என்றால், அவருக்கு யார் பணம் தர வேண்டும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நடுவில், ஒரு லட்சத்தை ரொக்கமாக அத்தை கையில் கொடுத்துவிட்டதாகக் கொழுந்தனார் தரப்பிலிருந்து ஒரு கதையும் வந்தது. தீர்ப்பாணைக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை முறைப்படி நீதிமன்றத்தில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. அதனால் அது எடுபடவில்லை. பணம் கட்டுகிற பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மனதோடு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டுகிற நிலைமை வரும்.

"உள்ள போட்டா மறுநாளே பணம் வரும்" என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். சிவில் சிறை அவ்வளவு சுலபம் இல்லை. வசதி இருந்தும் வேண்டுமென்றே தராமல் இருக்கிறார் என்று நாம் காட்ட வேண்டும், ஏழ்மைக்காக யாரையும் சிறையில் போட முடியாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகபட்சம் 3 மாதம், சிறைக்குப் போய்வந்தாலும் கடன் அப்படியே இருக்கும். அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, உள்ளே இருக்கும் நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுப் படியை நாம்தான் கட்ட வேண்டுமாம். பணம் வாங்க வேண்டியவளே படியும் கட்டுவது! நான் அந்த மனுவுக்குப் போகவில்லை.

இனி, ஒப்பந்தத்தில் இல்லாத அந்த மூன்று வரிகள். மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால், ஈ.பி. போட்ட அன்று தேதி கடந்த இரண்டு தவணைக்கு, அதாவது 4 லட்சத்துக்கு மட்டும்தான் கேட்க முடிந்தது. கடைசி இரண்டு தவணைக்குத் தேதி வரும்வரை காத்திருந்து, அதுவும் வராததால் இன்னொரு ஈ.பி., அதற்கு 15,000 ஃபீஸ். வட்டி பற்றி எழுதாததால் இவ்வளவு தாமதத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை, தீர்ப்பாணையில் இல்லாததை நிறைவேற்றும் நீதிமன்றம் சேர்க்காது. மனை விஷயம் இன்னும் சிக்கல். அது வழக்கின் சொத்து விவரத்திலேயே இல்லாத சொத்து. வழக்கில் உள்ள சொத்து பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்குப் பொதுவாகப் பதிவு தேவையில்லை, வழக்கில் இல்லாத அசையாச் சொத்து அதில் வந்தால் பதிவு கட்டாயம் என்று பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் நானே கட்டினேன். அவர் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் நீதிமன்றமே அவருக்காகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வழி இருக்கிறது, நல்லவேளை அதுவரை போகவில்லை. சமரசத்துக்கு உட்காருகிறவர்கள், கையெழுத்துக்கு முன்னால் ஒரு ஈ.பி. வக்கீலிடம் வரைவைக் காட்டி அரை மணி நேர ஃபீஸ் கொடுத்தாலே போதும், இந்த மூன்று வரியையும் அவர் முதலில் கேட்பார்.

கால வரம்பையும் சொல்லிவிடுகிறேன். பணத்துக்கான தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது, தவணை என்றால் ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து. அதை நம்பித் தள்ளிப் போடாதீர்கள். 2 வருடம் தாண்டி ஈ.பி. போட்டால் தனியாக ஒரு நோட்டீஸ் கட்டம் சேரும். சுவரை இடி, பாதையைத் திற என்பது மாதிரி ஒரு செயலைச் செய்யச் சொல்லும் கட்டாய உறுத்துக்கட்டளையாக இருந்தால் வெறும் 3 வருடம்தான், இது நிறைய வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை.

இரண்டு இடத்தில் பணம் மிச்சப்படுத்த முடியும். சமரசத்தில் முடிந்த வழக்கில் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தமிழ்நாட்டில், கோர்ட் அனுப்பாமல் தரப்பினர் தாங்களே வெளியே பேசி முடித்தாலும் அது கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்திருக்கிறது. என் பழைய வக்கீல் மனு போடவில்லை, புதியவர் போட்டு வாங்கித் தந்தார், பேட்டாவுக்கும் நகல் செலவுக்கும் ஆனது. இன்னொன்று, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். என் வழக்கு தொடங்கி இத்தனை பேரைப் பார்த்தும் ஒருவரும் சொல்லவில்லை. வராந்தாவில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

முதல் ஈ.பி.யின் 4 லட்சமும் வந்துவிட்டது. இரண்டாவதில் இரண்டரை லட்சம் வந்திருக்கிறது, ஒன்றரை லட்சம் பாக்கி. போன வாரம் கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, முழுப் பணமும் வந்ததா ஒரு மெமோ போட்டுடுங்க, பேங்க்ல லோன் கேட்டிருக்கேன், லோன் வந்ததும் மீதியைக் குடுத்துடறேன்" என்றார். குரலில் பழைய மரியாதை திரும்பியிருந்தது. மனசு கொஞ்சம் இளகியது. வக்கீலிடம் கேட்டேன். முழுத் தொகையும் பெற்றதாக மெமோ பதிவானால் அந்த ஈ.பி. அதோடு முடிந்தது, அப்புறம் பாக்கியைக் கேட்க அதில் வழி இருக்காது என்றார். வந்த இரண்டரை லட்சத்துக்கு மட்டும் பகுதித் தொகை பெற்றதாக மெமோ தாக்கல் செய்திருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்குள் மீதி கணக்கில் ஏறினால் மற்றதையும் போட்டுவிடலாம் என்று அவருக்குச் சொல்லியனுப்பினேன்.